துருவியும் முதலாளியின் றகரமும்

துருவிக்கு வேலை கிடைத்த செய்தியை அவள் அம்மா முதலில் சொன்னது மாடிவீட்டு அத்தையிடம்தான். அத்தையிடம் சொல்லிவிட்டால் தெருவில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லும் வேலை மிச்சம்.

"சைபர் செக்யூரிட்டி வேலை, அண்ணி" என்றாள் அம்மா.

அத்தை யோசித்தாள். அவளுக்குத் தெரிந்து சைபர் என்றால் பூஜ்யம். செக்யூரிட்டி என்றால் கேட்டில் தொப்பி போட்டுக்கொண்டு, வருகிறவர்களை எல்லாம் "எங்கே போகணும்?" என்று கேட்கிற ஆள். இரண்டையும் கூட்டிப் பார்த்தாள்.

"சம்பளமே இல்லாத வாட்ச்மேன் வேலையா? இதுக்கா பிள்ளையை இவ்வளவு படிக்க வெச்சீங்க?"

"ஐயோ, கம்ப்யூட்டர் வேலை அண்ணி. சர்வருக்குக் கீழே."

இது துருவியே அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்த வாசகம். கம்பெனியின் பெரிய கணினிக்கு சர்வர் என்று பேர். அதைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிக்குக் கீழே இவளுக்கு வேலை. ஆனால் அத்தைக்கு அதற்குள் எல்லாம் விளங்கிவிட்டது. "ஓ, ஓட்டலா?" என்றாள். பொழுது சாய்வதற்குள், பட்டம் வாங்கிய பெண் ஓட்டல் வாசலில் நிற்கப் போகிறாள் என்று தெருவெல்லாம் பேச்சு. நாலைந்து பேர் வீட்டுக்கே வந்து, எந்த வேலையும் கேவலம் இல்லை என்று ஆறுதல் சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

துருவி என்பது அவள் அப்பா வைத்த பட்டப்பெயர். எதையும் துருவித் துருவிக் கேட்பாள். கேட்டுப் பதில் வராவிட்டால் கழற்றிப் பார்ப்பாள். வீட்டில் இருந்த சுவர்க்கடிகாரம் அவள் கைபட்ட நாளிலிருந்து தன் இஷ்டத்துக்குத்தான் ஓடியது.

அவள் படித்த உயர்நிலைப் பள்ளியில் கணினி அறை ஒன்று உண்டு. அதற்குப் பூட்டும் உண்டு. சாவி கம்ப்யூட்டர் வாத்தியாரின் சட்டைப்பையை விட்டு வெளியே வந்ததில்லை. திறந்தால் தூசி போகும், தூசி போனால் வைரஸ் வரும் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. யாரும் தொடாத கணினியில் யாரும் திருட முடியாது என்ற அளவில் அவரும் ஒரு பாதுகாப்பு நிபுணர்தான். கோடிங்கைச் சாக்பீஸால் பலகையில் எழுதிப் போடுவார். பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்ளும். காகிதத்தில் எழுதிய கோடிங்கில் ஒரு வசதி. அது ஓடவே ஓடாது, ஆகவே தப்பும் தெரியாது. துருவி மட்டும் அதைத் தெருமுனை இன்டர்நெட் கடைக்குக் கொண்டுபோய்த் தட்டிப் பார்த்தாள். வாத்தியார் வருடம் முழுக்க எழுதிப் போட்டதில் ஒன்றுகூட ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தித்தான் அவள் கோடிங் கற்றுக்கொண்டாள். ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருந்தால் இவ்வளவு வந்திருக்காது.

அந்த வருடம் பள்ளிக்கு ஓர் ஆசை வந்தது. மதிப்பெண்களை இணையதளத்தில் போட்டார்கள். துருவி தன் மதிப்பெண்ணைப் பார்த்தாள். மேலே முகவரியின் கடைசியில் அவளுடைய தேர்வு எண் இருந்தது. கை சும்மா இருக்குமா? எண்ணில் ஒன்றைக் கூட்டிப் பார்த்தாள். பக்கத்து பெஞ்சுக்காரியின் மதிப்பெண், வீட்டு விலாசம், அவள் அப்பாவின் போன் நம்பர் எல்லாம் வந்து நின்றன. துருவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னாள்.

"யாரு உன்னை மாத்திப் பார்க்கச் சொன்னது?" என்றார் தலைமையாசிரியை.

"யாரும் சொல்லல மேடம். மாத்தினா எல்லாருடையதும் தெரியுது. அதைத்தான் சொல்ல வந்தேன்."

"மாத்தாம இருந்தா தெரியாதுல்ல? அப்போ தப்பு யார் மேல?"

தப்பு யார் மேல் என்று முடிவாகிவிட்டதால் கணினி செய்முறைத் தேர்வில் அவளுக்குப் பூஜ்யம் போட்டார்கள். அதோடு விடவில்லை. அறிவிப்புப் பலகையில் ஓர் உத்தரவு ஒட்டினார்கள்: "மாணவர்கள் யாரும் இணையதள முகவரியின் கடைசி எண்ணை மாற்றி மற்றவர்களின் விவரங்களைப் பார்க்கக் கூடாது." காலையில் இந்த வித்தை பள்ளியில் ஒருத்திக்கு மட்டும் தெரிந்திருந்தது. மதியத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சாயங்காலம் வாத்தியாரின் சம்பளம் வரைக்கும் போய்விட்டார்கள்.

பிறகுதான் தளத்தைச் செய்துகொடுத்த கம்பெனி ஆள் ஓடி வந்தார். துருவியை உட்கார வைத்து, என்ன செய்தாள், எப்படிச் செய்தாள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அப்போது பேச்சுவாக்கில் சொன்னார்: "இதுக்குன்னு ஒரு துறையே இருக்கும்மா. நல்ல சம்பளம்."

"துருவுறதுக்கா?"

"துருவுறதுக்குத்தான். ஆனா கேட்டுட்டுத் துருவணும். கேக்காம துருவினா அதுக்குப் பேர் வேற, அதுக்கு வேற இடத்துல சாப்பாடு போடுவாங்க."

இதைச் சொல்லிவிட்டு, அவள் கண்டுபிடித்ததைத் தான் கண்டுபிடித்ததாகப் பள்ளிக்குக் கணக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஆனாலும் அவர்மேல் துருவிக்குக் கோபம் இல்லை. திட்டு வாங்கிக் கொடுத்த புத்திக்குச் சம்பளம் கொடுக்கிற உலகம் ஒன்று இருக்கிறது என்று அவர்தான் சொன்னார்.

அந்த உலகத்துக்கு வழி கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். சித்தப்பா, கோடிங் தெரிந்தால் ஓர் ஆப் போட்டு உட்கார்ந்தே சாப்பிடலாம் என்றார். தன் போனில் கடிகாரத்தைச் சரிசெய்யத் தெரியாதவர் அவர். துருவி யாருக்கும் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. கல்லூரியில் கணினி படித்தாள். உடைத்துப் பழகுவதற்கென்றே சிலர் இணையத்தில் பொம்மைத் தளங்கள் கட்டி வைத்திருக்கிறார்கள். அவற்றை அனுமதியோடு உடைத்து உடைத்துப் பழகினாள். கணினிகள் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று கற்றாள். ஒரு சான்றிதழ்த் தேர்வும் எழுதித் தேறினாள். பிறகு வேலைக்கு மனுப்போட்டால், புதியவர்கள் தேவை, ஐந்து வருட அனுபவம் கட்டாயம் என்று எல்லா விளம்பரமும் சொன்னது. நீச்சல் தெரிந்த பிறகு தண்ணீரில் இறங்கு என்ற கதை.

கடைசியில் எடுத்துக்கொண்டது தண்ணீர் பம்பு செய்யும் ஒரு கம்பெனி. அவர்களுக்கும் ஆசை ஒன்றும் இல்லை. வெளிநாட்டிலிருந்து பம்பு வாங்கும் பெரிய வாடிக்கையாளர், மோசடிக் கடிதங்களை அடையாளம் காண உங்கள் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தால்தான் வாங்குவேன் என்று சொல்லிவிட்டார். ஒரு வருடம் பார்ப்போம், பிடித்தால் நிரந்தரம், பிடிக்காவிட்டால் கிளம்பலாம் என்று பேச்சு. அந்த நிரந்தரம்தான் துருவிக்கு உயிர். இங்கே நிலைத்தால் அனுபவம் என்று சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கும். இங்கேயும் வெளியே அனுப்பிவிட்டால் வேறு எவனும் கதவைத் திறக்க மாட்டான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவளுடைய அதிகாரியை எல்லாரும் சர்வர் அண்ணன் என்பார்கள். தங்கமான மனுஷன். வேலையில் சேர்ந்த அன்று அவர் கேட்ட ஒரே கேள்வி, "பிரிண்டர்ல சிக்கின பேப்பரை எடுக்கத் தெரியுமா?" என்பதுதான். சில மாதங்கள் அதை எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு வாடிக்கையாளர் நினைவூட்ட, அசல் வேலை வந்தது. திருடன் எழுதுவது போல் அவளே பொய்க் கடிதம் எழுதி எல்லாருக்கும் அனுப்ப வேண்டும்; யார் ஏமாறுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். "கேன்டீனில் அடுத்த வாரம் முதல் புதிய சாப்பாடு. என்னென்ன என்று பார்க்க இங்கே அழுத்தவும்" என்று எழுதி அனுப்பினாள். அலுவலகமே அழுத்தியது. சர்வர் அண்ணன் ஒரு தரம் அழுத்திப் பார்த்து, திறக்கவில்லையே என்று மறுபடியும் அழுத்தினார்.

அப்புறம் வகுப்பு. கடிதம் உங்களை அவசரப்படுத்தினால் சந்தேகப்படுங்கள், மிரட்டினால் சந்தேகப்படுங்கள், எழுத்துப்பிழை இருந்தால் சந்தேகப்படுங்கள், அனுப்பியவர் பெயரை மட்டும் நம்பாதீர்கள் என்றெல்லாம் சொன்னாள். திருடர்கள் எழுதிய சில கடிதங்களைத் திரையில் போட்டாள். "கடவுச்சொள்ளை மரக்காமள் அணுப்பவும்" என்று ஒன்று. அறை குலுங்கச் சிரித்தார்கள். மற்றதை எல்லாம் மறந்துவிட்டு எழுத்துப்பிழையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்தவன் பிழையைக் கண்டுபிடி என்றால் யாருக்குத்தான் இனிக்காது? கணக்குப் பிரிவில் இருந்த மூத்த பெண், எல்லாரும் கணக்கு அக்கா என்று கூப்பிடுவார்கள், அன்றிலிருந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு றகரத்தையும் ரகரத்தையும் வேட்டையாட ஆரம்பித்தாள். சந்தேகக் கடிதத்தைப் புகார் செய்ய எல்லார் திரையிலும் ஒரு சிவப்புப் பொத்தான் வைத்திருந்தாள் துருவி. நிறையப் பேர் அழுத்தினால் அனுப்பியவரின் அஞ்சல் பெட்டி தானாகவே பூட்டிக்கொள்ளும்.

இதில் ஒரே ஒரு சங்கதி துருவிக்குத் தெரியாமல் போயிற்று. அந்தக் கம்பெனியில் கடிதப் போக்குவரத்து எல்லாம் தமிழில்தான். முதலாளிக்குத் தமிழ்தான் வரும்; அதுவும் வந்த அளவுக்கு. இத்தனை காலம் அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்த அம்மாள் அந்த மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார். முதலாளி முதல் தடவையாகத் தன் கையாலேயே ஒரு கடிதம் தட்டி எல்லாருக்கும் அனுப்பினார்.

"அணைவருக்கும். நாலை காலை பெறிய வாடிக்கையாலர் நேறில் வறுகிறார். எள்ளோரும் அரங்கத்துக்கு உடணே வறவும். வறாதவர் மேள் நடவடிக்கை."

அவசரம் இருந்தது, மிரட்டல் இருந்தது, பிழைக்குப் பஞ்சமே இல்லை. கணக்கு அக்கா ஒரு பார்வை பார்த்தாள். "திருட்டுப் பய, பெரியவர் பேர்லயே அனுப்பியிருக்கான் பாரு" என்று பொத்தானை அழுத்தினாள். அவளைப் பார்த்து அலுவலகமே அழுத்தியது. முதலாளியின் பெட்டி டப்பென்று பூட்டிக்கொண்டது.

மறுநாள் காலையில் அரங்கத்தில் முதலாளியும் வெளிநாட்டு விருந்தாளியும் காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் விஷயம் வெளியே வந்தது; எட்டிப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். முதலாளியின் முகம் சுண்டிப்போயிற்று. விருந்தாளியோ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, இவ்வளவு விழிப்பான ஊழியர்களை நான் எங்கேயும் பார்த்ததில்லை என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் பாராட்டினார். அந்தப் பாராட்டால்தான் துருவியின் தலை தப்பியது.

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கே" என்றார் முதலாளி. பாராட்டு மாதிரி இல்லை. "உன் விஷயத்தை வருஷ முடிவுல பார்க்கலாம். இப்போ எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிடு. தப்பு இருந்தா அது நான் எழுதினது. மறுபேச்சு இல்லாம செய்யணும்."

துருவி விடவில்லை. "சார், அப்படிச் சொன்னா நாளைக்கு எந்தத் திருடன் தப்பா எழுதினாலும் உங்க பேர்ல நடந்துடும்."

"சொன்னதைச் செய்."

செய்தாள். கூடவே, எதுவானாலும் சந்தேகம் வந்தால் எழுதினவரிடம் நேரில் போய்க் கேட்டுவிடுங்கள் என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டாள். அந்த வரியை யாரும் காதில் வாங்கவில்லை. கணக்கு அக்கா மட்டும் முதலாளியின் பிழைகளை மனப்பாடமாகவே தெரிந்துகொண்டாள். எந்தெந்த இடத்தில் றகரம் போடுவார், ளகரம் எங்கே தடுக்கி விழும் என்று அவளுக்கு அத்துப்படி.

திருடன் வராமல் இருப்பானா, வந்தான். ஒரு நாள் முதலாளியின் பெயரில் கணக்கு அக்காவுக்கு ஒரு கடிதம்: "அன்புடையீர், நமது வாடிக்கையாளர்கள் அனைவரின் விவரங்களையும் கீழ்க்காணும் முகவரிக்கு அனுப்பி உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். "துருவி! இங்க ஓடி வா. பணிவுடன் கேட்டுக்கிறாராம், நம்ம ஆளு! ஒரு றகரம்கூடத் தப்பு இல்ல. இது சத்தியமா அவர் இல்ல."

துருவி துருவிப் பார்த்தாள். கடிதம் வந்த இடமே வேறு. வாடிக்கையாளர் பட்டியல் மொத்தமும் போயிருக்க வேண்டியது. காப்பாற்றியது துருவியின் பாடம் இல்லை, முதலாளியின் பிழை. இதை முதலாளி தன் சாதனையாகவே எடுத்துக்கொண்டார். பார்க்கிறவர்களிடம் எல்லாம், தான் வேண்டுமென்றேதான் அப்படி எழுதுவதாகச் சொல்ல ஆரம்பித்தார். துருவியைக் கூப்பிட்டு, "என் எழுத்தே பூட்டு மாதிரி இருக்கு. இதுக்கு மேல தனியா ஒரு ஆள் எதுக்கும்மா?" என்று கேட்டார்.

"சார், ஒரு நாள் நீங்களே தப்பில்லாம எழுதிட்டா?"

"அது நடக்காது" என்றார் முதலாளி, நெஞ்சை நிமிர்த்தி.

வருடம் முடிய வந்தது. நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு சேதியும் இல்லை. அம்மா தினமும் வாயைத் திறக்காமல் முகத்தை மட்டும் பார்த்தாள்; அது கேட்பதைவிடக் கொடுமையாக இருந்தது. துருவி மறுபடியும் வேலை விளம்பரங்களைப் படிக்க ஆரம்பித்தாள்.

தகுதிகாண் காலத்தின் கடைசி நாள். மதியம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தால், திரையில் முதலாளியின் கடிதம்.

"அன்புடையீர், தங்கள் பணி எங்களுக்கு மிகுந்த மனநிறைவு அளிக்கிறது. இன்று முதல் தங்களை நிரந்தரப் பணியில் அமர்த்துவதில் பெரிதும் மகிழ்கிறேன்."

துருவிக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. அம்மாவைக் கூப்பிடப் போனைக்கூட எடுத்துவிட்டாள். பிறகு இன்னொரு தரம் படித்தாள். மனநிறைவு, சரியாக இருந்தது. பெரிதும், சரியாக இருந்தது. றகரம், னகரம், ளகரம் எல்லாம் அதது அதன் இடத்தில். போனைக் கீழே வைத்தாள். கடிதம் வந்த இடம் முதலாளியின் பெட்டிதான்; அப்படியானால் எவனோ அதற்குள்ளேயே புகுந்திருக்கிறான். யாரோ எவனோ, அவள் எதற்கு ஏங்குகிறாள் என்று தெரிந்துகொண்டு எழுதியிருக்கிறான். ஆசையைக் காட்டித்தானே தூண்டில் போடுவார்கள். அவளும் அப்படித்தானே எழுதி அனுப்புகிறாள்? சந்தோஷப்பட்டதற்காகத் தன் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அழுகையை விழுங்கிக்கொண்டு சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பொத்தானை வைத்தவளே அவள் என்பதால் மற்றவர்களும் அழுத்தத் தேவையில்லை. ஒரே அழுத்தில் அந்தப் பெட்டி பூட்டிக்கொண்டது. சரி, ஊருக்கு உபதேசம் செய்தோமே, நாமும் நேரில் போய்க் கேட்டுவிடுவோம் என்று மாடிப்படி ஏறினாள்.

முதலாளி கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார். "வாம்மா. என் பெட்டி திறக்க மாட்டேங்குது."

"நான்தான் சார் பூட்டினேன். உங்க பேர்ல எவனோ எனக்குக் கடிதம் அனுப்பியிருக்கான். ஒரு தப்புகூட இல்ல."

முதலாளி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மேஜைமேல் தடித்த அகராதி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. முதுகில் விலைச் சீட்டு இன்னும் கிழிக்கப்படவில்லை.

"அதை நான்தாம்மா எழுதினேன்" என்றார்.

துருவி அந்த அகராதியைப் பார்த்தாள்.

"காலையிலிருந்து அதான் வேலை. நீ படிக்கிறதாச்சே, சிரிப்பியேன்னு ஒவ்வொரு சொல்லா பார்த்துப் பார்த்து எழுதினேன்."

"நான் சிரிக்க மாட்டேன் சார்."

"அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாங்களே" என்றார் முதலாளி. "வந்தவர் முன்னாடி நான் நின்னேன்ல, அப்போ. வேணும்னே எழுதுறேன்னு சொல்லிட்டுத் திரியறேன். வேணும்னு யாராவது எழுதுவாங்களா? கடைசல் பட்டறையில நிக்க வெச்சப்போ எனக்குப் பள்ளிக்கூடம் போற வயசு."

துருவிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வகுப்பில் எழுத்துப்பிழையைத் திரையில் போட்டுச் சிரிக்க வைத்தவள் அவள்தான். அந்தச் சிரிப்பு திருடன் மேலேயே நின்றுவிடும் என்று நினைத்திருந்தாள். அது மாடி வரைக்கும் ஏறி வந்து இந்த மனுஷனைக் குத்தியதை இத்தனை நாளாக அவள் கவனிக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி வேண்டாம் என்றுவிட்டார். அவள் குனிந்து அவருடைய பெட்டியைத் திறந்து கொடுத்தாள்.

"அதெல்லாம் போகட்டும்" என்றார் முதலாளி. "இப்போ அந்தக் கடிதம் செல்லுமா, செல்லாதா?"

"நேர்ல கேட்டுட்டேனே சார். செல்லும்."

முதலாளி பெரிதாக மூச்சு விட்டார்.

"நல்ல வேளை. இன்னொரு தடவை எழுதித் தாங்கன்னு கேட்டிருந்தா, வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு உன்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."